'போலீஸ் நடவடிக்கை': 1947 முதல் 1953 வரை செய்திகளில் ஒரு சொல்

1950 ஜூன் 29, வியாழக்கிழமை. வட கொரியப் படைகள் இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது அட்சரேகையைக் கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. முந்தைய நாள் தென் கொரியத் தலைநகர் சியோல் விழுந்துவிட்டது. அமெரிக்க விமானங்களும் கப்பல்களும் சண்டையில் இறங்கியிருந்தன, தரைப்படைக்கு மட்டும் இன்னும் உத்தரவு வரவில்லை. வாஷிங்டனில் அதிபர் ஹாரி ட்ரூமன் நிருபர்களைச் சந்தித்தார். ஊரே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை ஒருவர் கேட்டார்: நாம் போரில் இருக்கிறோமா, இல்லையா?

"நாம் போரில் இல்லை" என்றார் ட்ரூமன்.

அந்தக் காலத்தில் அமெரிக்க அதிபர் நிருபர்களிடம் சொல்வதை மேற்கோள் குறிக்குள் அப்படியே அச்சிட முடியாது. அதற்குத் தனியாக அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் "அதிபர் இன்னபடி கருதுகிறார்" என்று சுற்றிவளைத்துத்தான் எழுத வேண்டும். எனவே நிருபர்கள் அனுமதி கேட்டார்கள். "நாம் போரில் இல்லை" என்ற வாக்கியத்துக்கு அனுமதி கிடைத்தது. கொரியக் குடியரசு மீது நடந்தது ஒரு கொள்ளைக் கூட்டத்தின் தாக்குதல், அதை அடக்க ஐ.நா. உறுப்பு நாடுகள் உதவிக்குப் போகின்றன என்று அவர் விளக்கினார். அப்புறம் ஒரு நிருபர் கேட்டார்: அப்படியானால் இதை ஐ.நா.வின் கீழ் நடக்கும் போலீஸ் நடவடிக்கை என்று சொல்வது சரியாக இருக்குமா?

"ஆமாம், அதுதான் இது" என்ற பொருளில் ட்ரூமன் பதில் சொன்னார்.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட நிகழ்வு இதுதான். போலீஸ் நடவடிக்கை என்ற சொற்களை அன்று ட்ரூமன் உச்சரிக்கவில்லை. உச்சரித்தவர் நிருபர். அதிபர் தலையாட்டினார், அவ்வளவே. செய்தியாக வெளிவந்தபோது கேள்வி மறைந்து பதில் மட்டும் மிஞ்சியது. கொரியாவில் நடப்பதை ட்ரூமன் போலீஸ் நடவடிக்கை என்று அழைத்தார் என்பதே நிலைத்தது. வரலாற்றுப் புத்தகங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

நிருபரைக் குற்றம் சொல்வது எளிது. அவருடைய இக்கட்டையும் பார்க்க வேண்டும். ஆசிரியர் குழு எதிர்பார்ப்பது ஒரு பெயரை. நாளைக் காலைத் தலைப்பில் போட ஒரு சொல் வேண்டும். 'போர்' என்பதை அதிபர் மறுத்துவிட்டார். 'கொள்ளைக் கூட்டத்தை அடக்கும் உதவி' என்பது தலைப்பில் அடங்காது. இடைவெளியை நிரப்ப ஒரு சொல்லை நிருபரே முன்வைத்தார். அது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. அந்த வாரமே செனட்டர் வில்லியம் நோலண்ட் செனட்டில் அந்தச் சொல்லை ஆண்டிருந்தார். அதற்கும் முன்னால் மூன்று ஆண்டுகளாக உலகச் செய்திகளில் அது அடிபட்டு வந்தது. சொல் தயாராகக் கையருகே இருந்தது.

வேடிக்கையாகத் தோன்றினாலும் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1950 ஜூன் 25 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத் தலைப்பிலேயே வட கொரியர்கள் போர் அறிவித்ததாகப் போட்டிருந்தது. அதாவது பத்திரிகைகளுக்கு முதல் நாள் தானாக வந்த சொல் 'போர்'. நான்கு நாள் கழித்து அரசுத் தரப்பிலிருந்து வந்த பெயர் வேறு. அதன்பின் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. களத்திலிருந்து எழுதியவர்கள் போர் என்றே எழுதினார்கள். அரசு என்ன சொல்கிறது என்று எழுதும்போது மற்றது வந்தது.

சொல்லுக்குள் என்ன இருக்கிறது

நடவடிக்கை என்பது யாருக்கும் வலிக்காத சொல். பள்ளி ஆண்டு விழாவுக்கும் குண்டுவீச்சுக்கும் ஒரே மாதிரி பொருந்தும். இங்கே கனமான பாதி 'போலீஸ்'தான்.

போர் என்றால் இரண்டு தரப்பு உண்டு. இருவருக்கும் சில சட்டங்கள் உண்டு, பிடிபட்டவர் போர்க்கைதி ஆவார், மூன்றாம் நாடு நடுவே வந்து பேசலாம். போலீஸ் என்று எழுதியதும் இதெல்லாம் கலைந்துவிடுகிறது. ஒரு பக்கம் சட்டம் நிற்கிறது, மறுபக்கம் குற்றவாளி. குற்றவாளியோடு யாரும் ஒப்பந்தம் பேசுவதில்லை. அடுத்து, போலீஸ் தன் எல்லைக்குள்தான் வேலை செய்யும். எனவே நடக்கும் இடம் தன் வீடு என்று அந்தச் சொல் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. வாசகர் இதை ஒரு வாதமாக உணர்வதே இல்லை. பெயர்ச்சொல்லுக்குள் ஒளிந்து வரும் வாதத்தோடு யாராலும் சண்டை போட முடியாது. செய்தி எழுத்தில் இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்.

ட்ரூமனுக்கு இந்தச் சொல் உதவியதற்கு உள்நாட்டுக் காரணமும் உண்டு. அமெரிக்க அரசியல் சட்டப்படி போர் அறிவிக்கும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுடையது. காங்கிரஸிடம் அவர் கேட்கவில்லை. ஜூன் 28 அன்றே செனட்டர் ராபர்ட் டாஃப்ட் இதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று கண்டித்திருந்தார். போர் இல்லை என்றால் அறிவிப்பும் வேண்டாம்.

முதல் வரவு: 1947, இந்தோனேசியா

1945 ஆகஸ்ட் 17 அன்று சுகர்ணோவும் ஹத்தாவும் இந்தோனேசிய விடுதலையை அறிவித்தார்கள். அதைக் காலனியாக வைத்திருந்த நெதர்லாந்து ஏற்கவில்லை. இரண்டு தரப்பும் 1947 மார்ச்சில் லிங்கஜாத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சில மாதங்களில் அது முறிந்தது. 1947 ஜூலை 21 அன்று டச்சு (நெதர்லாந்து) படைகள் ஜாவாவிலும் சுமத்ராவிலும் பாய்ந்தன. டச்சு அரசு அதற்கு வைத்த பெயர் போலீஸ் நடவடிக்கை. ராணுவத்துக்குள் வைத்த ரகசியப் பெயர் வேறு: 'புராடக்ட்', அதாவது விளைபொருள். தோட்டங்களும் எண்ணெய்க் கிணறுகளும் இருந்த பகுதிகளைக் கைப்பற்றுவதே நோக்கம் என்பதால் இந்த இரண்டாவது பெயர்தான் உண்மைக்கு நெருக்கமானது. ஊருக்கு ஒரு பெயரும் உள்ளுக்கு ஒரு பெயரும் இருந்தால், செய்தியாளர் எதை எழுதினார் என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

1948 டிசம்பர் 19 அன்று இரண்டாவது நடவடிக்கை வந்தது. இந்தோனேசியக் குடியரசின் தலைநகரான யோக்யகர்த்தா பிடிபட்டது, சுகர்ணோவும் ஹத்தாவும் கைதானார்கள். எதிர்த்தரப்பின் தலைவர்களையே தலைநகரில் வைத்துப் பிடித்த பிறகும் பெயர் மாறவில்லை. டச்சு மொழியில் 'முதல் போலீஸ் நடவடிக்கை', 'இரண்டாவது போலீஸ் நடவடிக்கை' என்று எண் போட்டுப் பதிந்துவிட்டது. இந்தோனேசியர்கள் அதே இரண்டு நாட்களை 'முதல் ராணுவ ஆக்கிரமிப்பு', 'இரண்டாவது ராணுவ ஆக்கிரமிப்பு' என்கிறார்கள். எண்கள் ஒன்றே, பெயர்கள் எதிரெதிர். அந்தக் காலச் செய்தியைப் படிப்பவருக்கு இதைவிட நல்ல சோதனைத் தாள் கிடைக்காது. எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்தால், செய்தி எந்த மேசையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

ஐ.நா.வில் நெதர்லாந்தின் பிரதிநிதி வான் க்ளெஃபன்ஸ் சொன்னது எதிர்பார்த்ததே: இது உள்நாட்டு விவகாரம், பாதுகாப்பு சபைக்கு இதில் வேலை இல்லை. போலீஸ் என்ற பெயரின் சட்ட முகம் இது. ஐ.நா. சாசனத்தின் 2ஆவது பிரிவு, 7ஆவது உட்பிரிவு உள்நாட்டு அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் ஐ.நா. தலையிடாது என்கிறது. பெயர் நின்றால் வாதமும் நிற்கும். அந்த முறை நிற்கவில்லை. 1947 ஜூலை 30 அன்று இரண்டு நாடுகள் விஷயத்தைப் பாதுகாப்பு சபைக்குக் கொண்டுபோயின. ஆகஸ்ட் 1 அன்று சண்டையை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் நிறைவேறியது.

அந்த இரண்டு நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. மற்றது இந்தியா.

இரண்டாவது வரவு: 1948, ஹைதராபாத்

13 மாதம் கழித்து அதே சொல் இந்தியாவின் பெயரோடு வந்தது. 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியாவோடு இணையாமல் இருந்த ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் இந்திய ராணுவம் நுழைந்தது. ராணுவத்துக்குள் அதன் பெயர் ஆபரேஷன் போலோ. வெளியே, போலீஸ் நடவடிக்கை. கவசப் படைப்பிரிவு போனது, டாங்கிகள் போயின, விமானப்படை பறந்தது. மேஜர் ஜெனரல் ஜே. என். சௌத்ரி முக்கிய முனையை நடத்தினார். செப்டம்பர் 17 அன்று ஹைதராபாத்தின் மன்னரான நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் சண்டை நிறுத்தம் அறிவித்தார். மறுநாள் நிஜாமின் தளபதி எல் எத்ரூஸ் சௌத்ரியிடம் சரணடைந்தார்.

இதை எழுதும்போது நியாயமாக இருக்க வேண்டும். நிஜாம் ஆட்சியை ஆதரித்த ஆயுதப் படையினரான காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்கள் கிராமங்களில் நடத்திய கொடுமைகள் உண்மை. 1947 நவம்பரில் இந்தியாவும் ஹைதராபாத்தும் போட்ட தற்காலிக ஒப்பந்தம் நடைமுறையில் செத்துப்போயிருந்ததும் உண்மை. நாட்டின் நடுவே சூழப்பட்ட ஒரு நிலப்பகுதி தனிநாடாக நிற்க முடியுமா என்ற கேள்வியும் நியாயமானதே. நடவடிக்கை தேவையா என்பது ஒரு விவாதம், அதை எந்தப் பெயரில் செய்தியாக்கினார்கள் என்பது தனி விவாதம். முதலாவதற்கு 'தேவை' என்று பதில் சொல்பவரும் இரண்டாவதைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஹைதராபாத்தின் புகாரைப் பாதுகாப்பு சபை செப்டம்பர் 16 அன்று பாரிஸில் எடுத்தது. இந்தியாவுக்காகப் பேசியவர் தமிழரான ஆற்காடு ராமசாமி முதலியார். ஹைதராபாத் ஒரு நாடே அல்ல, எனவே பாதுகாப்பு சபைக்கு வர அதற்குத் தகுதி இல்லை என்பது அவர் வாதம். 1947இல் இந்தியா எந்த மாதிரி வாதத்தைத் தாண்டி இந்தோனேசியாவுக்காக வாதாடியதோ, அதற்கு நெருங்கிய உறவுள்ள வாதம் இது. இரண்டு வழக்குகளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கடல் கடந்த காலனியும் நாட்டின் நடுவே உள்ள சமஸ்தானமும் ஒன்றாகாது. பெயர் செய்த வேலை மட்டும் ஒன்றுதான்: விஷயத்தை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது. நான்கு மாதம் கழித்து, 1949 ஜனவரியில், டச்சுக்காரர்களின் இரண்டாவது 'போலீஸ் நடவடிக்கை'யைக் கண்டித்து நேரு டெல்லியில் ஆசிய நாடுகளின் மாநாட்டைக் கூட்டினார். அந்த வாரச் செய்திகளை எழுதியவர்களின் மேசையில் இந்த ஒரே சொல் இரண்டு முகத்தோடு கிடந்திருக்கும்.

சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது? சண்டை ஐந்து நாளில் முடிந்தது. அதைத் தொடர்ந்து முஸ்லிம்கள் மீது நடந்த வன்முறையை விசாரிக்க நேருவே பண்டித சுந்தர்லால் தலைமையில் குழு அனுப்பினார். குழு கிராமம் கிராமமாகப் போய்வந்து அறிக்கை கொடுத்தது. குறைந்தது 27,000 முதல் 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்பது அதன் கணிப்பு. இந்த எண்ணிக்கை மீது ஆய்வாளர்களிடையே வாக்குவாதம் உண்டு. அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படவில்லை. ஐந்து நாளில் முடிந்த போலீஸ் வேலை என்று ஒரு நிகழ்வு மனதில் பதிந்துவிட்டால், ஆறாவது நாளிலிருந்து என்ன நடந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றாது. செய்தியில் வைத்த பெயர் செய்த பெரிய தீங்கு இதுதான் என்று நினைக்கிறேன். போர் என்று எழுதியிருந்தால் போருக்குப் பின் என்ன ஆயிற்று என்ற கேள்வி தானாகவே வந்திருக்கும்.

மலாயாவில் இதன் உறவினர்

1948 ஜூன் 16 அன்று, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் அரசு இரண்டு நாளில் நெருக்கடி நிலையை மலாயா முழுக்க விரித்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. 12 ஆண்டுச் சண்டைக்கு 'போர்' என்ற பெயர் வராததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் காப்பீடு. ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் லண்டனில் எடுத்திருந்த காப்பீடு போர்ச் சேதத்துக்குப் பணம் தராது.

எதிர்த்தரப்பில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைச் செய்திகளில் 'கொள்ளையர்' என்றே குறித்தார்கள். 1952இல்தான் அதிகாரபூர்வப் பெயர் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்று மாறியது. ட்ரூமன் வாயில் வந்ததும் அதே 'கொள்ளையர்' என்பதைக் கவனியுங்கள். தமிழர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4 அன்று தூக்கிலிட்டார்கள். நெருக்கடி நிலை விதிகளில் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை உண்டு.

மறுபடி கொரியா

ஜூன் 29 அன்று பிறந்த பெயரின் ஆயுள் ஒரு நாள்தான் இருந்திருக்க வேண்டும். மறுநாளே தரைப்படையை அனுப்ப ட்ரூமன் உத்தரவிட்டார். அந்த ஆண்டு இறுதிக்குள் சீனப் படைகள் வந்து சேர்ந்தன. டிசம்பர் 16 அன்று ட்ரூமன் தேசிய நெருக்கடி நிலை அறிவித்தார். 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் வருவதற்குள் அமெரிக்கத் தரப்பில் மட்டும் 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கொரியர்கள், சீனர்கள் இழப்பு அதைவிடப் பல மடங்கு.

இத்தனைக்கும் பிறகு பெயர் சாகவில்லை, கை மாறியது. முதலில் அரசுக்கு உதவிய சொல் பிறகு அரசை அடிக்கும் கம்பு ஆனது. 'ட்ரூமனின் போலீஸ் நடவடிக்கை' என்று எதிர்க்கட்சியினர் மேடையில் கசப்போடு சொன்னார்கள். மகனைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தால் அந்தக் கசப்பு புரியும். இங்கேதான் ஜூன் 29 கேள்வி-பதில் முக்கியமாகிறது. நிருபரின் கேள்வியும் சேர்ந்து அச்சாகியிருந்தால், அதிபர் ஒரு வர்ணனைக்கு உடன்பட்டார் என்று வாசகருக்குத் தெரிந்திருக்கும். கேள்வி உதிர்ந்ததால் அவரே பெயர் சூட்டியவர் ஆனார். அதிபரின் நிருபர் சந்திப்பு தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது 1955 ஜனவரியில், ஐசனோவர் காலத்தில். அதற்குப் பிறகு கேட்டவர் குரலும் மக்கள் காதில் விழுந்தது.

சொல் நீதிமன்றத்துக்கும் போனது. போர்க்காலத்தில் ராணுவப் பணியில் இறந்தால் முழுத் தொகை கிடையாது என்ற நிபந்தனை பல ஆயுள் காப்பீட்டு ஒப்பந்தங்களில் இருந்தது. கொரியாவில் இறந்த வீரர்களின் குடும்பங்கள் பணம் கேட்டபோது நிறுவனங்கள் அந்த நிபந்தனையைக் காட்டின. காங்கிரஸ் போர் அறிவிக்காததால் ஒப்பந்தத்தின்படி இது போர் ஆகாது என்று 1953இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்துக்கு அது நல்ல தீர்ப்பு. வேறு சில நீதிமன்றங்கள் நேர்மாறாகச் சொல்லின: சாதாரண மனிதர் போர் என்று எதைப் புரிந்துகொள்வாரோ அதுதான் போர். ஒரே மலைச்சரிவில் ஒரே நாளில் விழுந்த இரண்டு வீரர்களில், வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்து ஒருவர் போரில் இறந்தவராகவும் மற்றவர் போரில் இறக்காதவராகவும் ஆகலாம் என்ற நிலை. மலாயாவில் காப்பீடு கிடைக்கப் போர் என்று சொல்லாமல் இருந்தார்கள். அமெரிக்காவில் போர் என்று சொல்லாததால் காப்பீட்டு வழக்கு வந்தது.

பிறகு என்ன ஆயிற்று

நெதர்லாந்தில் 1969இல் அரசு வெளியிட்ட அறிக்கை 'வரம்பு மீறல்கள்' நடந்ததாக மட்டும் ஒப்புக்கொண்டது. ஜாவாவின் ராவகெடே கிராமத்தில் 1947 டிசம்பர் 9 அன்று நடந்த படுகொலைக்கு டச்சு அரசு பொறுப்பு என்று ஹேக் நீதிமன்றம் 2011இல் சொன்னது. 2022 பிப்ரவரியில் ஒரு பெரிய ஆய்வு, டச்சுப் படைகள் கடும் வன்முறையைத் திட்டமிட்டுப் பரவலாகப் பயன்படுத்தின என்று முடிவு சொல்ல, அப்போதைய டச்சுப் பிரதமர் ரூட்டே அதே நாளில் மன்னிப்புக் கேட்டார். பிரான்சில் அல்ஜீரிய விடுதலைச் சண்டையை நெடுங்காலம் 'சம்பவங்கள்' என்றே சொல்லி வந்தார்கள். அது 'போர்' என்று சட்டத்தில் ஏறியது 1999 அக்டோபரில், சண்டை முடிந்து 37 ஆண்டு கழித்து.

ஹைதராபாத்தில் கதை வேறு மாதிரி. அங்கே சாதாரண மக்கள் பேச்சிலேயே 'போலீஸ் ஆக்‌ஷன்' நுழைந்து காலக்கணக்காக மாறிவிட்டது. போலீஸ் ஆக்‌ஷனுக்கு முன், பின் என்று பெரியவர்கள் வயதைக் கணக்கிடுவார்கள். அவர்கள் வாயில் அது அரசின் வாதமாக இல்லை, தாங்கள் பட்டதற்கு வைத்த பெயராகவே இருக்கிறது. செப்டம்பர் 17ஐ என்ன பெயரில் கொண்டாடுவது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. 2022இல் மத்திய அரசு 'ஹைதராபாத் விடுதலை நாள்' என்றது, அன்றைய தெலங்கானா அரசு 'தேசிய ஒருமைப்பாட்டு நாள்' என்றது.

தமிழில் எழுதும் நாம் இன்றும் ஹைதராபாத் விஷயத்தைப் 'போலீஸ் நடவடிக்கை' என்று மேற்கோள் குறி கூட இல்லாமல் எழுதுகிறோம். சொல்லைத் தடை செய்யச் சொல்லவில்லை, தடை செய்தால் வரலாறே புரியாது. 'இந்திய அரசு போலீஸ் நடவடிக்கை என்று அழைத்த ராணுவ நுழைவு' என்று முதல் முறை எழுதிவிட்டால் போதும், அப்புறம் சுருக்கமாக எப்படி வேண்டுமானாலும் குறிக்கலாம். தலைப்பில் இடம் இல்லை என்பார்கள். சரி, தலைப்பில் வேண்டாம். முதல் பத்தியில் இடம் இருக்கிறது.